அமெரிக்காவில் கடை போட ஆசை! கொழும்புத் தம்பிக்கு விசா. வண்ணாரப்பேட்டை அண்ணாச்சிக்கு 'இல்லை'

3 லட்சம் அட்வான்சு வாங்கிய புரோக்கர். ஒரே கேள்வியில் உடைந்த கனவு

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை நடத்துகிறார் அந்த அண்ணாச்சி. வயது 52. காலை 9 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவார். கல்யாணச் சீர்வரிசை என்றால் அந்த வட்டாரத்தில் அவர் கடைதான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மனைவியின் நகையை அடகு வைத்து, 3 லட்சம் ரூபாயைக் கொண்டு போய் ஒருவர் கையில் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை.

எதற்காக? அமெரிக்காவில் கடை போட!

தோணி ஏறிய கிளை

கதை தாத்தா காலத்தில் ஆரம்பிக்கிறது. குடும்பத்துக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். தாத்தாவின் பிள்ளைகளில் மூத்தவர் சென்னைக்கு ரயில் ஏறினார். இளையவர் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனார். புறக்கோட்டையில் கடை வைத்தார். அங்கேயே குடியுரிமையும் பெற்றார்.

மூத்தவர் மகன்தான் பாத்திரக்கடை அண்ணாச்சி. இளையவர் மகன், அதாவது சித்தப்பா மகன், கொழும்புக்காரர். இலங்கை பாஸ்போர்ட்டு வைத்திருப்பவர்.

அந்தத் தம்பி அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மளிகைக்கடையை விலைக்கு வாங்கினார். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் அங்கே போய்விட்டார். வீடியோவில் கடையைச் சுற்றிக் காட்டினார். அப்பளம், வடகம், இட்லி அரிசி எல்லாம் அடுக்கியிருந்தது.

"நீங்களும் வாங்க அண்ணே, இங்க பாத்திரத்துக்கு நல்ல கிராக்கி" என்றார் தம்பி. அன்பாகத்தான் சொன்னார். அவர் மேல் குற்றம் இல்லை.

அன்று முதல் அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று.

ஏ.சி. அறையில் பேச்சு

தெரிந்தவர் மூலம் ஒரு புரோக்கர் அறிமுகமானார். ஏ.சி. அறை. சுவரில் சுதந்திர தேவி சிலை படம். மேஜை மேல் குட்டி அமெரிக்கக் கொடி.

"உங்க தம்பி போனது ஈ-2 விசா அண்ணாச்சி. முதலீட்டாளர் விசா. உங்களுக்கும் அதையே எடுத்துடலாம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. மத்ததை நம்மகிட்ட விடுங்க."

"எவ்வளவு ஆகும்?"

"மொத்தம் 9 லட்சம். இப்ப 3 லட்சம் அட்வான்சு. பைல் உள்ள போனதும் 3. விசா கைக்கு வந்ததும் 3."

அண்ணாச்சி கணக்குப் போட்டார். மாதவரத்தில் ஒரு மனை இருக்கிறது. அதை விற்றால் கடை வாங்கப் பணம் கிடைக்கும். அட்வான்சுக்கு நகை இருக்கிறது. சரி என்றார்.

மனையை விற்கப் பேச்சும் முடிந்தது. பணத்தை டாலராக அனுப்புவது எப்படி என்று கேட்கத் தன் ஆடிட்டரிடம் போனார். அங்கேதான் விழுந்தது இடி.

ஆடிட்டர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க பாஸ்போர்ட்டு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு?"

"இது என்ன கேள்வி? இந்தியாதான்!"

"அப்ப இந்த விசா உங்களுக்குக் கிடையாது அண்ணாச்சி. கோடி ரூபாய் வச்சிருந்தாலும் கிடையாது."

ஒப்பந்தம் இருந்தால்தான் உண்டு

ஆடிட்டர் சொன்னது முற்றிலும் உண்மை.

ஈ விசா என்பது பணத்துக்குக் கொடுக்கும் விசா அல்ல. நாட்டுக்கு நாடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் விசா. அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தமோ முதலீட்டு ஒப்பந்தமோ செய்துகொண்ட நாட்டின் குடிமக்களுக்கு மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். ஒரு சில நாடுகளுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டும் வழி செய்திருக்கிறது.

இதில் இரண்டு வகை. ஈ-1 என்பது வியாபாரிக்கு. தன் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பெரிய அளவில் சரக்கோ சேவையோ போய்வந்து கொண்டிருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் வெளிநாட்டு வியாபாரத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டு நாடுகளுக்கு இடையிலேயே நடக்க வேண்டும்.

ஈ-2 என்பது முதலீட்டாளருக்கு. அமெரிக்காவில் பணம் போட்டு, தொழிலைத் தானே நடத்தப் போகிறவருக்கு.

வியாபாரிக்கான பிரிவு 1924-ம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. முதலீட்டாளர் பிரிவு 1952-ம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும்.

இங்கிலாந்துக்கு உண்டு. அந்த ஒப்பந்தம் 1815-ம் ஆண்டைச் சேர்ந்தது! ஜப்பானுக்கு 1953 முதல் உண்டு. பாகிஸ்தானுக்கு 1961 முதல் இரண்டு வகையும் உண்டு. வங்காளதேசத்துக்கு 1989 முதல் ஈ-2 உண்டு. சிங்கப்பூருக்கு 2004 முதல் இரண்டும் உண்டு. கனடாவுக்கும் இரண்டும் உண்டு.

இலங்கை? 1991-ல் அமெரிக்காவுடன் முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 1993 மே மாதம் அது அமலுக்கு வந்தது. அதனால் ஈ-2 மட்டும் உண்டு. ஈ-1 கிடையாது.

இந்தியா? இரண்டும் கிடையாது.

முதலீட்டு ஒப்பந்தம் பற்றி டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் இடையே பேச்சு நடந்தது உண்டு. முடிவுக்கு வரவில்லை. சுங்க வரியைக் குறைக்கும் வர்த்தக உடன்பாடு ஒன்று ஏற்பட்டுவிட்டாலே இந்த விசா வந்துவிடாது. இந்த விசாவுக்கு வழி செய்யும் ஒப்பந்தமோ சட்டமோ தனியாக வேண்டும்.

இந்தியா மட்டும் வெளியே நிற்கவில்லை. சீனாவும் பட்டியலில் இல்லை. தைவான் இருக்கிறது. ஈரான் ஒரு காலத்தில் இருந்தது. 2018-ல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தது. 2020-ல் ஈரானியர்களுக்கு ஈ விசா நின்றுபோயிற்று.

ஆக, ஒரே தாத்தாவின் பேரன்கள் இருவர். ஒரே குலதெய்வம். ஒரே தொழில். தோணி ஏறியவர் மகனுக்குக் கதவு திறந்தது. ரயில் ஏறியவர் மகனுக்குத் திறக்கவில்லை!

தம்பிக்கும் சும்மா கிடைக்கவில்லை

இலங்கை பாஸ்போர்ட்டு இருந்தால் போதும், விசாவைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. கொழும்புத் தம்பி கொண்டுபோன காகிதக் கட்டே ஒரு சாண் உயரம்.

தூதரக அதிகாரி என்னென்ன பார்ப்பார்?

முதலாவது, தொழிலில் குறைந்தது பாதிப் பங்கு ஒப்பந்த நாட்டுக் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பைல் மூடப்படும்.

இரண்டாவது, பணம் வந்த வழி. மனை விற்றதா, சேமிப்பா, அப்பா கொடுத்ததா? எல்லாவற்றுக்கும் பத்திரம், பேங்க் கணக்கு வேண்டும். உண்டியலில் வந்த பணத்துக்கு இங்கே மரியாதை இல்லை.

மூன்றாவது, பணம் உண்மையிலேயே தொழிலில் இறங்கியிருக்க வேண்டும். "பேங்கில் வச்சிருக்கேன், விசா வந்ததும் போடுறேன்" என்றால் செல்லாது. கடை வாடகை ஒப்பந்தம், சரக்கு, குளிர்சாதனப் பெட்டி, உரிமம் என்று பணம் போன தடம் தெரிய வேண்டும். நஷ்டம் வந்தால் போகக்கூடிய பணமாக இருக்க வேண்டும்.

விசா கிடைக்காவிட்டால் போட்ட பணம் என்ன ஆவது? இதற்கு ஒரு வழி இருக்கிறது. கடையை வாங்கும் பணத்தை மூன்றாம் நபரிடம் ஒப்படைத்து, விசா கிடைத்தால் விற்றவருக்கு, கிடைக்காவிட்டால் போட்டவருக்கு என்று எழுதி வைக்கலாம். இதைச் சட்டம் ஏற்கிறது. தம்பி அப்படித்தான் செய்தார்.

நான்காவது, தொகை. இவ்வளவு டாலர் என்று சட்டத்தில் எண் கிடையாது. தொழிலின் மொத்த மதிப்புக்குத் தகுந்த பெரிய தொகையாக இருக்க வேண்டும். சின்னக் கடை என்றால் விலையில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ போட வேண்டும். கடையின் சொத்தையே அடமானம் வைத்து வாங்கிய கடன் முதலீட்டுக் கணக்கில் சேராது. சொந்த வீட்டை அடமானம் வைத்தால் சேரும்.

ஐந்தாவது, குடும்பத்துக்குச் சோறு போடுவதோடு நின்றுவிடும் தொழிலாக இருக்கக்கூடாது. அதற்கு மேல் வருமானமோ, நாலு பேருக்கு வேலையோ தர வேண்டும். பொதுவாக 5 வருடத்துக்குள் அந்த நிலைக்கு வரும் என்று கணக்குக் காட்ட வேண்டும். காலி மனை வாங்கிப் போடுவதும், பங்கு வாங்கிப் போடுவதும் எடுபடாது. கடை நடந்தாக வேண்டும்.

ஆறாவது, ஈ விசா நிலை முடிந்ததும் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி விடுவேன் என்று சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து விண்ணப்பக் கட்டணம் 315 டாலர். 2023 ஜூன் மாதம் உயர்த்தப்பட்ட கட்டணம் இது. விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. வக்கீல் பீஸ் தனி.

கிரீன் கார்டு அல்ல!

இந்த விசாவைப் பற்றி ஊரில் உள்ள பெரிய தப்பெண்ணம் ஒன்று. அது குடியேற்ற உரிமை அல்ல. கிரீன் கார்டு அல்ல.

அமெரிக்காவில் இறங்கும்போது ஒரு தடவைக்கு 2 வருடம் தங்க அனுமதி. தொழில் ஒழுங்காக நடந்தால் திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம். இத்தனை தடவைதான் என்று வரம்பு இல்லை. ஆனால் கடை மூடினால் விசாவும் முடிந்தது.

மனைவி உடன் போகலாம். வேலையும் பார்க்கலாம். மனைவி எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும் பரவாயில்லை. அதாவது, இலங்கைக்காரரைக் கட்டிய தமிழ்நாட்டுப் பெண் இந்திய பாஸ்போர்ட்டோடு கணவருடன் போகலாம்.

பிள்ளைகள் படிக்கலாம். வேலை செய்யக்கூடாது. 21 வயது ஆனதும் அப்பாவின் நிழல் போய்விடும். வேறு விசா தேட வேண்டும், அல்லது திரும்ப வேண்டும்.

தம்பியின் மூத்த பையனுக்கு இப்போது 17 வயது. கடை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அந்த வீட்டில் தினமும் பேசுவது ஒரே பேச்சு... "இன்னும் 4 வருஷம்தான்."

"கிரெனடா போகலாம் அண்ணாச்சி!"

சரி, 3 லட்சம் என்ன ஆயிற்று?

ஆடிட்டர் சொன்னதைக் கேட்டதும் அண்ணாச்சி நேரே புரோக்கரிடம் போனார். புரோக்கர் அசரவில்லை.

"இந்தியாவுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? அதனாலதான் உங்களுக்குக் கிரெனடா பாஸ்போர்ட்டு எடுக்கப் போறோம். பணம் கட்டினா குடியுரிமை. அந்த பாஸ்போர்ட்டை வச்சு ஈ-2!"

கிரெனடா என்பது கரீபியக் கடலில் உள்ள சின்னத் தீவு. 1983-ல் அமெரிக்கப் படை இறங்கியதே, அதே தீவு. அமெரிக்காவுடன் அதற்கு 1989 முதல் முதலீட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 2013 முதல் பணம் கட்டுவோருக்குக் குடியுரிமையும் கொடுக்கிறது. ஆகவே புரோக்கர் சொன்னது முழுப் பொய் அல்ல. ஒரு காலத்தில் பலர் போன வழிதான்.

ஆனால் மூன்று விஷயங்களை அவர் சொல்லவில்லை.

ஒன்று, 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தை மாற்றிவிட்டது. பணம் கட்டிக் குடியுரிமை வாங்கியவர், அந்த நாட்டைத் தன் நிரந்தர வீடாக்கிக்கொண்டு தொடர்ந்து 3 வருடமாவது வாழ்ந்திருந்தால்தான் ஈ விசா கேட்க முடியும். வண்ணாரப்பேட்டையில் கடையை வைத்துக்கொண்டு கிரெனடாவில் 3 வருடம் யார் இருப்பது?

இரண்டு, அந்தக் குடியுரிமைக்கு ஆகும் பணம் 2 லட்சம் டாலருக்குக் குறையாது. கடை முதலீடு அதற்கு மேல்.

மூன்றுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ம் ஆண்டுச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிய நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓட்டு இல்லை. வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கினாலும் விவசாய நிலம் வாங்க முடியாது.

இதைக் கேட்டபோதுதான் அண்ணாச்சியின் மனைவி முதல் முதலாக வாயைத் திறந்தார்.

"யாருக்கு வேணும் இந்த அமெரிக்கா? பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஓட்டுரிமை இல்லாதவனா நிக்கணுமா? நகையை மீட்டுக் கொடுங்க, அது போதும்."

வேறு வழியே இல்லையா?

இந்தியருக்கு வழி உண்டு. பெயர் வேறு, விலையும் வேறு.

ஈ.பி.-5 என்று ஒன்று. இது நேரே கிரீன் கார்டுக்குப் போகும் வழி. 2022 மார்ச் மாதச் சட்டப்படி சாதாரணமாக 10 லட்சத்து 50 ஆயிரம் டாலர் போட வேண்டும். கிராமப்புறம், வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள பகுதி என்றால் 8 லட்சம் டாலர். நம் பணத்தில் 7 கோடி ரூபாய் வாக்கில். 10 பேருக்கு முழுநேர வேலையும் கொடுக்க வேண்டும்.

எல்-1 என்று இன்னொன்று. இங்கே கம்பெனி நடத்துபவர் அங்கே கிளை திறந்து, தன் மானேஜரையோ தன்னையோ அனுப்பும் வழி. போகிறவர் கடந்த 3 வருடத்துக்குள் தொடர்ந்து ஒரு வருடமாவது இங்குள்ள கம்பெனியில் வேலை பார்த்திருக்க வேண்டும். புதுக் கிளைக்கு முதலில் ஒரு வருடம்தான் அனுமதி. இங்குள்ள கம்பெனியும் தொடர்ந்து நடக்க வேண்டும். கல்லாவில் ஒருவர், எடுபிடிக்கு இருவர் என்ற கடைக்கு இது கஷ்டம்.

பணம் அனுப்புவதற்கும் இங்கே வரம்பு இருக்கிறது. ரிசர்வ் பேங்க் விதிப்படி தனி நபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை அனுப்பலாம். அதுவும் பேங்க் மூலம், பான் நம்பரோடு.

சரக்கு பேசவும், ஆர்டர் பிடிக்கவும், ஒப்பந்தம் போடவும் மட்டும் போவதென்றால் பி-1 விசா போதும். அங்கே உட்கார்ந்து கடை நடத்தத்தான் கூடாது.

பொய்க் காகிதம் கொடுத்தால்?

சில புரோக்கர்கள் பொய்யான கம்பெனிக் காகிதம், பொய்யான பேங்க் சான்று தயார் செய்து தருவதாகச் சொல்வார்கள். மாட்டினால் புரோக்கருக்கு அங்கே ஒன்றும் ஆகாது. கையெழுத்துப் போட்டவர்தான் அகப்படுவார். விசாவுக்காகப் பொய் சொன்னது தெரிந்தால் அமெரிக்காவுக்குள் நுழைய ஆயுள் முழுவதும் தடை. பிறகு மகள் பிரசவத்துக்குக் கூடப் போக முடியாது. விலக்கு வாங்குவது குதிரைக் கொம்பு.

எந்த நாட்டுக்கு ஈ விசா உண்டு என்ற பட்டியல் ரகசியம் அல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறை அதைப் பகிரங்கமாகவே வெளியிட்டிருக்கிறது. காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வீட்டில் படிக்கும் பிள்ளையின் செல்போனில் 5 நிமிட வேலை. "பட்டியலில் என் நாடு இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதும். அண்ணாச்சி அதை அட்வான்சுக்கு முன்னால் கேட்கவில்லை. பின்னால் கேட்டார்.

தோசைக்கல் போயிற்று

புரோக்கரிடம் அண்ணாச்சி 11 தடவை நடந்தார். ஆடிட்டர் உடன் போய், "போலீஸ் கமிஷனர் ஆபீசுக்குப் போகட்டுமா?" என்று கேட்ட பிறகு ஒன்றரை லட்சம் திரும்ப வந்தது. மீதி ஒன்றரை லட்சம் 'அடுத்த மாதம்' என்ற நிலையிலேயே இருக்கிறது.

புகார் கொடுக்கவில்லையா?

"கொடுத்தா ரசீது கேப்பாங்க. என்கிட்ட இல்லை. கடைத்தெருவுல தெரிஞ்சா சிரிப்பாங்க. 27 வருஷமா கடன் கொடுத்து ஏமாறாதவன்னு பேர் எடுத்திருக்கேன்..." என்று குரல் தாழ்த்திச் சொன்னார் அண்ணாச்சி.

இந்தக் கூச்சம்தான் புரோக்கர்களின் மூலதனம். ரசீது இல்லாவிட்டாலும் போனில் வந்த செய்தி, பேங்கில் பணம் எடுத்த தேதி, நகை அடகுச் சீட்டு எல்லாம் சாட்சியாக எடுத்துக் காட்டலாம் என்று ஆடிட்டர் விடாமல் சொல்லி வருகிறார். அண்ணாச்சி யோசித்துக் கொண்டிருக்கிறார்.

மாதவரம் மனை விற்கப்படவில்லை. ஒன்றரை லட்சம் வந்த அன்றே பாதி நகை மீட்கப்பட்டது.

சென்ற மாதம் கடை வாசலில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே வைக்கோலில் பொதிந்து இரும்புத் தோசைக்கல், இட்லிக் குண்டான், குழிப்பணியாரச் சட்டி. மேலே எழுதியிருந்த விலாசம் நியூஜெர்சி. ஆர்டர் கொடுத்தவர் கொழும்புத் தம்பி. முன்பணம் பேங்க் மூலம் வந்துவிட்டது.

லாரி கிளம்பியதும் அண்ணாச்சி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

"நான் போகலைன்னா என்ன, தோசைக்கல் போகுதுல்ல" என்றார்.

அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்து எவர்சில்வர் குடம் விலை கேட்டார். அண்ணாச்சி தராசை எடுத்தார்.